மாதம் 49 வெள்ளி தொலைக்காட்சி: மொத்தக் கணக்கு என்ன சொல்கிறது?

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் மின்சாரப் பொருள் கடைகளின் முகப்பில் பெரிய திரைகள் வரிசையாக நிற்கும். பல கடைகளில் ஒவ்வொரு திரையின் மீதும் இரண்டு எண்கள் ஒட்டப்பட்டிருக்கும். ரொக்க விலை சிறிய எழுத்தில் இருக்கும். மாதத் தவணை பெரிய எழுத்தில் இருக்கும். கிள்ளான், ஈப்போ, சிரம்பான், சுங்கைப் பட்டாணி என எந்த ஊர்க் கடைவீதியானாலும் காட்சி இதுதான். உள்ளே நுழையும் குடும்பத்திடம் கேட்கப்படும் முதல் கேள்வியும் பெரும்பாலும் ஒன்றுதான்: "அக்கா, மாசம் எவ்வளவு கட்ட முடியும்?"

வீட்டுக்கு எந்த அளவு திரை பொருந்தும், ஏரியல் இழுக்குமா, ரொக்கத்தில் வாங்கினால் எவ்வளவு மிஞ்சும் என்ற கேள்விகளெல்லாம் அந்த ஒரு கேள்விக்குப் பின்னால் போய்விடுகின்றன. மாதம் 49 வெள்ளி என்றால் எந்தக் குடும்பத்துக்கும் அது முடியாத தொகையாகத் தெரிவதில்லை. ஆனால் அந்த 49 வெள்ளி எத்தனை மாதம், மொத்தம் எவ்வளவு என்று கூட்டிப் பார்த்த பிறகுதான் பெட்டியின் உண்மையான விலை தெரியவரும்.

குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. ஐந்து பேருக்கும் குறைவானோரை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகளுக்கு அதே ஆண்டு ஆகஸ்டு முதல் இது கட்டாயமானது. ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடும் சொக்சோ சந்தாவும் போனால் கையில் நிற்பது ஏறத்தாழ 1,500 ரிங்கிட். அந்தச் சம்பளக்காரருக்கு 1,200 ரிங்கிட் தொலைக்காட்சி என்பது ஒரு மாத வருமானத்தில் பெரும்பகுதி. அதனால்தான் வாங்கும் முறையில் செய்யும் ஒரு தவறு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு வீட்டுக் கணக்கை விட்டுப் போவதில்லை.

ஆடம்பரம் என்று ஒதுக்க முடியாத பொருள்

சம்பளம் குறைவென்றால் தொலைக்காட்சி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தோட்டப்புற வாழ்க்கையை அறிந்தவர்கள் அப்படிக் கேட்பதில்லை. மலேசியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1963 டிசம்பரில் தொடங்கியது. மண்டபத்தில் இருந்த ஒரே பெட்டியின் முன் பாய் விரித்து தோட்டமே உட்கார்ந்து தமிழ்ப்படம் பார்த்த காலத்தைப் பெரியவர்கள் இன்றும் நினைவுகூர்வார்கள். 1996ல் அஸ்ட்ரோ வந்த பிறகு நாள் முழுதும் தமிழ் கேட்கும் வீடுகள் பெருகின.

இன்றைக்கு இளையவர்கள் கைப்பேசியில் பார்க்கிறார்கள். ஆனால் வீட்டில் இருக்கும் பாட்டிக்கும், வேலை முடிந்து வரும் அப்பாவுக்கும், தமிழ்ச் செய்தியும் தொடர்களும் அந்தப் பெட்டி வழியாகத்தான் வருகின்றன. பேரப்பிள்ளைகள் பாட்டியோடு உட்கார்ந்து தமிழ் கேட்கும் நேரமும் பல வீடுகளில் அதுவே. எனவே தொலைக்காட்சி வாங்குவதில் தவறில்லை. கடனில் மூழ்காமல், வீட்டுக்குப் பொருந்துவதை வாங்குவதுதான் முக்கியம்.

புதியது வாங்கும் முன் பழையதைப் பார்க்கலாம்

பல குடும்பங்கள் இப்போது மாற்றும் பெட்டிகள், பழைய அனலாக் ஒளிபரப்பு நின்ற காலத்தில் வாங்கப்பட்டவை. 2019ல் நாடு கட்டங்கட்டமாக இலக்கவியல் ஒளிபரப்புக்கு மாறி, அக்டோபர் மாத இறுதியில் அனலாக் முழுமையாக நிறுத்தப்பட்டது. அந்த நேரத்தில் அவசரமாக வாங்கிய மலிவுப் பெட்டிகளுக்கு வயதாகிவிட்டது.

ஒலி வருகிறது, படம் வரவில்லை என்றால் பெட்டி செத்துவிட்டதாக முடிவு செய்யத் தேவையில்லை. அறையை இருட்டாக்கிவிட்டு, பெட்டியை ஓடவிட்டு, திரைக்கு மிக அருகில் கைவிளக்கு அடித்துப் பார்க்கலாம். மங்கலாகப் படம் அசைவது தெரிந்தால், திரைக்குப் பின்னால் வெளிச்சம் தரும் எல்இடி பட்டைகள் பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பட்டைகளை மாற்ற முடியும். மின்சாரம் ஏற்கும் பலகை பழுதானாலும் அப்படியே. பெரும்பாலும் புதிய பெட்டியின் விலையில் ஒரு சிறு பகுதிதான் செலவாகும்.

திரையே விரிசல் கண்டிருந்தால் கதை வேறு. திரையை மாற்றும் செலவு புதிய பெட்டியின் விலையை நெருங்கிவிடும். அப்போது பழுது பார்ப்பதில் பயனில்லை. பின்பக்க மூடியை வீட்டில் கழற்றிப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம். இணைப்பைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

வீட்டுக்குப் படம் எந்த வழியில் வருகிறது?

அங்குலத்தைப் பற்றி யோசிக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது. வழி மூன்று: ஏரியல், துணைக்கோளத் தட்டு, இணையம்.

ஏரியலில் வருவது மைஃப்ரீவியூ இலவச ஒளிபரப்பு. டிவி2 தமிழ்ச் செய்தி உள்ளிட்ட ஆர்டிஎம் நிகழ்ச்சிகளை மாதக் கட்டணம் இல்லாமல் பார்க்கலாம். இதற்குப் பெட்டிக்குள்ளேயே டிவிபி-டி2 என்ற வாங்கி இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் தனி டிகோடர் வாங்க வேண்டிவரும். வெளிநாட்டுச் சந்தைக்குத் தயாரித்து இங்கே கொண்டுவந்து மலிவாக விற்கப்படும் பெட்டிகளில் இந்த வாங்கி இல்லாமல் போகலாம். பெட்டியின் மீதும் பொருளின் பின்புறமும் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது அதனால் அவசியம்.

இலக்கவியல் அலை வந்தால் தெளிவாக வரும், இல்லாவிட்டால் வரவே வராது. பழைய காலம்போல் புள்ளி புள்ளியாகவாவது தெரியும் என்று எதிர்பார்க்க முடியாது. குன்றுகளுக்கு நடுவே, செம்பனைக்குள் ஒதுங்கிக் கிடக்கும் குடியிருப்புகளில் மேசை ஏரியல் பெரும்பாலும் போதாது. கூரைக்கு மேல் வெளி ஏரியல் தேவைப்படும். அக்கம்பக்கத்து வீட்டில் எந்த ஏரியலில் எத்தனை அலைவரிசை கிடைக்கிறது என்று கேட்டுவிட்டுக் கடைக்குப் போவது நல்லது. அந்த இடத்தில் ஏரியல் எடுக்கவே இல்லையென்றால், மாதச் சந்தா இல்லாத என்ஜாய் துணைக்கோளச் சேவை போன்றவற்றை யோசிக்க வேண்டும். தட்டும் டிகோடரும் வாங்கும் செலவைத் தொலைக்காட்சிப் பட்ஜெட்டுக்குள்ளேயே சேர்த்துக்கொள்வது நல்லது.

இணையத்தில் பார்க்கும் வீடுகளுக்கு இன்னொரு கணக்கு உண்டு. நெட்ஃபிளிக்ஸ் போன்ற சேவைகளில் ஹெச்டி தரத்தில் ஒரு மணி நேரம் பார்த்தால் 3 ஜிபி வரையும், 4கே தரத்தில் 7 ஜிபி வரையும் செலவாகலாம். வீட்டில் ஃபைபர் இணைப்பு இருந்தால் கவலையில்லை. கைப்பேசியின் ப்ரீபெய்டு டேட்டாவைப் பகிர்ந்து பார்க்கும் வீட்டில், இரண்டு படத்தில் மாதத் தொகுப்பு கரைந்துவிடும்.

அங்குலம்: சுவரை அளந்துவிட்டுப் போவது நல்லது

அங்குலம் என்பது திரையின் மூலைக்கு மூலை அளவு. 32 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 71 சென்டிமீட்டர். 43 அங்குலத்துக்கு 95, 55 அங்குலத்துக்கு 122 சென்டிமீட்டர். பழைய கனத்த பெட்டிக்காகச் செய்த அலமாரி இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அதன் குழிக்குள் புதிய திரை நுழையாமல், அலமாரியையும் மாற்றி, செலவு இரட்டிப்பான கதைகள் புதிதல்ல.

எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பது என்பதும் முக்கியம். திரையின் மூலை அளவைப்போல் ஒன்றரை முதல் இரண்டரை மடங்கு தூரம் கண்ணுக்கு இதமானது என்பது பொதுவான வழிகாட்டி. 43 அங்குலத்துக்கு அது ஏறத்தாழ ஐந்தரை அடி முதல் ஒன்பது அடி வரை. 700 சதுர அடி பிபிஆர் அடுக்குமாடி வீட்டிலோ தோட்டத்து வரிசை வீட்டிலோ நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவே எட்டு ஒன்பது அடி இருந்தால் 43 அங்குலம் தாராளமாகப் போதும். கடையின் உயர்ந்த கூரைக்குக் கீழே 55 அங்குலமும் சிறியதாகத்தான் தெரியும். வீட்டுக்கு வந்த பிறகுதான் அதன் பருமன் புரியும்.

மின்சாரக் கணக்கும் இங்கேதான் வருகிறது. 100 வாட் இழுக்கும் பெட்டி நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் ஓடினால் மாதம் 18 யூனிட். பெரிய திரை பொதுவாக அதைவிடக் கூடுதலாக இழுக்கும். எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர முத்திரையில் நட்சத்திரங்கள் கூடக்கூட மின்சாரச் சிக்கனமும் கூடும். ஐந்துதான் உச்சம்.

கடையில் காதில் விழும் சொற்கள்

4கே என்பது படப்புள்ளிகளின் எண்ணிக்கை. முழு ஹெச்டியைப்போல் நான்கு மடங்கு. ஆனால் ஏரியலில் வரும் நம் நாட்டு ஒளிபரப்பு 4கே தரத்தில் வருவதில்லை. செய்தியும் தொடரும் பார்க்கும் வீட்டுக்கு 4கேக்கென்று கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. 43 அங்குலத்துக்கு மேல் போகும்போது பெரும்பாலான பெட்டிகள் தாமாகவே 4கேயாக இருக்கும். 32 அங்குல மலிவுப் பெட்டிகளில் பெரும்பாலும் வெறும் ஹெச்டிதான் இருக்கும். அந்த அளவுக்கு அது குறையாகத் தெரியாது.

எச்டிஆர் என்பது வெளிச்சத்தையும் இருளையும் கூடுதலாக வேறுபடுத்திக் காட்டும் முறை. அதற்குத் திரை பிரகாசமாக இருக்க வேண்டும். மலிவுப் பெட்டிகளில் எச்டிஆர் என்ற எழுத்து அட்டையில் இருந்தாலும், பார்க்கும்போது பெரிய மாற்றம் தெரிவதில்லை.

ஸ்மார்ட் டிவி என்பதிலும் நிதானம் தேவை. சில ஆண்டுகளில் உள்ளிருக்கும் செயலிகள் புதுப்பிக்கப்படாமல் போகலாம். திரை நன்றாக இருந்தும் யூடியூப் திறக்காத நிலை அப்போது வரும். அதற்காகப் பெட்டியையே மாற்றத் தேவையில்லை. எச்டிஎம்ஐ துளையில் சொருகும் சிறு கருவி ஒன்று போதும். எனவே செயலிகளின் எண்ணிக்கையைவிட எச்டிஎம்ஐ துளைகளின் எண்ணிக்கை முக்கியம். டிகோடருக்கு ஒன்று, பிற்காலக் கருவிக்கு ஒன்று, கூடுதலாக ஒன்று என மூன்று இருந்தால் நலம்.

முதியவர் இருக்கும் வீட்டில் இன்னொன்றையும் சோதிக்க வேண்டும். ரிமோட்டை அவர் கையில் கொடுத்து, கடையிலேயே செய்தி அலைவரிசைக்குப் போகச் சொல்லிப் பார்க்கலாம். ஐந்து பொத்தான் அழுத்திய பிறகும் போக முடியவில்லை என்றால், அந்தப் பெட்டி அவருக்கானதல்ல.

49 வெள்ளியின் உண்மை விலை

இனித் தவணைக் கணக்கு. ரொக்க விலை 1,200 ரிங்கிட் உள்ள ஒரு பெட்டியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம்.

மாதம் 49 ரிங்கிட், 36 மாதம் என்றால் மொத்தம் 1,764 ரிங்கிட். கூடுதலாகப் போவது 564 ரிங்கிட். மாதம் 65 ரிங்கிட், 24 மாதம் என்றால் மொத்தம் 1,560 ரிங்கிட். கூடுதல் 360 ரிங்கிட்.

ஆண்டுக்கு 15 விழுக்காடுதான் என்று இதைக் கடையில் சொல்லக்கூடும். அந்தக் கணக்கு, கடைசி மாதம் வரை 1,200 ரிங்கிட்டும் கடனாக நிற்பதுபோல் போடப்படுவது. உண்மையில் ஒவ்வொரு மாதமும் கடன் குறைந்துகொண்டே வருகிறது. குறைந்துவரும் கடனுக்கு வட்டி போட்டுப் பார்த்தால், மேலே சொன்ன இரண்டு திட்டங்களிலும் உண்மையான வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 27 விழுக்காடு. 10 விழுக்காடு என்று சொல்லப்படும் 24 மாதத் திட்டத்தின் உண்மை வட்டியும் 18 விழுக்காட்டை எட்டும்.

இதோடு நீட்டிக்கப்பட்ட உத்தரவாதம், காப்புறுதி, செயல்முறைக் கட்டணம் என்று சேர்த்து அவற்றையும் தவணைக்குள் போட்டுவிட்டால், அவற்றுக்கும் வட்டி ஓடும். கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய கேள்வி மூன்று: ரொக்க விலை எவ்வளவு? எல்லாத் தவணையும் கூட்டினால் எவ்வளவு? முன்கூட்டியே கட்டி முடித்தால் எவ்வளவு குறையும்? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்க வேண்டும்.

வாடகைக் கொள்முதல் என்றால் 1967ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. தொடர்ந்து இரண்டு தவணை தவறி, எழுத்துபூர்வமாக 21 நாள் அறிவிப்பு கொடுத்த பிறகே பொருளைத் திரும்ப எடுக்க முடியும். கடைத் தவணை எல்லாமே இந்தச் சட்டத்தின் கீழ் வருவதில்லை. கையெழுத்திடும் தாள் எந்த வகை ஒப்பந்தம் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது வாங்குபவரின் உரிமை.

மற்ற வழிகள் எப்படி?

கடன் அட்டையில் வட்டியில்லாத் தவணை கிடைத்தால், மாதம் 100 ரிங்கிட், 12 மாதம் என்று 1,200 ரிங்கிட்டிலேயே முடிந்துவிடும். ஒரு மாதம் தவறினாலும் அட்டையின் வழக்கமான வட்டியும் தாமதக் கட்டணமும் சேரலாம். சம்பள நாளை ஒட்டித் தவணை நாள் அமைந்தால்தான் இது பாதுகாப்பு.

இப்போது வாங்கு, பிறகு கட்டு என்னும் கைப்பேசிச் செயலிகள் இளையவர்களிடம் பரவியிருக்கின்றன. மூன்று மாதத் தவணைக்கு வட்டியில்லை என்பதுதான் கவர்ச்சி. ஒரே நேரத்தில் காலணி, கைப்பேசி, தொலைக்காட்சி என்று நான்கைந்து சிறு கடன்கள் சேர்வதுதான் ஆபத்து. இத்தகைய சேவைகளை முறைப்படுத்த 2025ல் நாடாளுமன்றம் பயனீட்டாளர் கடன் சட்டத்தை நிறைவேற்றியது. சட்டம் கடன் கொடுப்பவரைக் கட்டுப்படுத்தும். எத்தனை கடன் எடுப்பது என்பதை வீடுதான் முடிவு செய்ய வேண்டும்.

2024 மே மாதம் அறிமுகமான ஊழியர் சேமநிதியின் மூன்றாவது கணக்கிலிருந்து எடுத்து வாங்குவோரும் உண்டு. வட்டியில்லை என்பதால் அது இலவசப் பணம்போல் தோன்றும். 2024ஆம் ஆண்டுக்கான ஈவுத்தொகை 6.3 விழுக்காடு. அதே அளவு 20 ஆண்டு நீடித்தால், இன்று எடுக்கும் 1,200 ரிங்கிட் 4,000 ரிங்கிட்டைத் தாண்டியிருக்கும். எடுப்பதா வேண்டாமா என்பதை அந்த எண்ணைப் பார்த்து முடிவு செய்யலாம்.

தோட்டப்புறத்தில் பழகிய வழி கூட்டு. பத்துப் பேர் மாதம் 100 கட்டி, ஒருவர் 1,000 எடுப்பார். வட்டி இல்லை, தாள் இல்லை. கூட்டு நடத்துவதைத் தடுக்கும் சட்டம் 1971லிருந்தே இருக்கிறது. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே கூட்டு என்ற தமிழ்ச் சொல்தான் நிற்கிறது. நடத்துபவர் ஓடிவிட்டால் போட்ட பணத்தைத் திரும்பப் பெறுவது கடினம்.

கடன் வாங்காமல் மாதம் 65 ரிங்கிட்டைத் தனியே எடுத்து வைத்தால் 19ஆவது மாதத்தில் 1,200 ரிங்கிட் சேர்ந்துவிடும். காத்திருக்க முடியாத வீடு 32 அங்குலப் பெட்டியை ரொக்கத்தில் வாங்கலாம். பிராண்டைப் பொறுத்து 500 முதல் 800 ரிங்கிட்டுக்குள் அவை கிடைக்கின்றன. தீபாவளி தவறினாலும் 11.11, 12.12, ஆண்டிறுதி என்று விலைக்கழிவு நாள்கள் வந்துகொண்டேதான் இருக்கும்.

வாங்கிய பிறகு

உலகில் இடிமின்னல் அதிகம் உள்ள நாடுகளில் மலேசியாவும் ஒன்று. மழை நேரத்தில் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. மின்சாரச் செருகியோடு ஏரியல் கம்பியையும் பிடுங்கிவிட வேண்டும். கூரைமேல் உள்ள ஏரியலும் தட்டும் வழியாக வரும் அதிர்ச்சிதான் பல பெட்டிகளைத் தீர்த்துவிடுகிறது. மின்னல் சேதத்தைச் சாதாரண உத்தரவாதம் பொதுவாக ஏற்பதில்லை. அப்படிப் பெட்டி போய்விட்டாலும் தவணை நிற்காது. இல்லாத தொலைக்காட்சிக்கு மாதாமாதம் பணம் கட்டும் நிலை அப்படித்தான் வருகிறது.

உத்தரவாதம் தயாரிப்பாளருடையதா, கடையுடையதா என்று ரசீதில் பார்க்க வேண்டும். அருகில் பழுதுபார்க்கும் மையம் இருக்கும் பிராண்டு, சற்று விலை கூடினாலும் தோட்டப்புறக் குடும்பத்துக்கு லாபம். இயங்கலையில் வாங்கினால் அட்டைப்பெட்டியைப் பிரிப்பதைக் கைப்பேசியில் பதிவு செய்வது நல்லது. உடைந்து வந்தால் அதுவே சாட்சி.

கடை கைவிரித்தால் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். பொதுவாக வழக்கறிஞர் தேவையில்லை. ரசீது, உத்தரவாத அட்டை, கடைக்காரரோடு பேசிய புலனச் செய்திகள் போதும். தவணைகளில் ஏற்கெனவே சிக்கியவர்களுக்கு ஏகேபிகே நிறுவனம் கட்டணமின்றி ஆலோசனை தருகிறது.

ஆக, கடைக்குப் போகும் குடும்பம் கையில் கொண்டுபோக வேண்டியது ஒரு சிறு தாள். சுவரின் அளவு, ஏரியல் எடுக்கிறதா என்ற விவரம், கையில் உள்ள ரொக்கம் என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். "மாசம் எவ்வளவு கட்ட முடியும்?" என்று கேட்கப்படும்போது, "மொத்தம் எவ்வளவு வருது, எழுதிக் கொடுங்க" என்று திருப்பிக் கேட்கலாம். எழுதிக் கொடுக்கத் தயங்கும் கடையிலிருந்து வெளியே வந்துவிடலாம். பக்கத்துக் கடையிலும் அதே பெட்டி இருக்கும்.